பதினாறாம் நாளுக்குள்

கோவில்பட்டியில் ஆள் படம் வரைகிறவனுக்குப் பதினாறு நாள்தான் கெடு. ஒருவர் தவறிப்போனால் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மகனும் மருமகனும் கடைப்படி ஏறுவார்கள். கையில் ஏதாவது ஒரு போட்டோ இருக்கும். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் பாதி முகம் தெரிகிற மாதிரி எடுத்தது, பாஸ்புக்கில் ஒட்டியிருந்ததைக் கிழித்தெடுத்தது, இல்லையென்றால் வாக்காளர் அட்டை. அதிலிருந்து முகத்தைப் பிடித்து, பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து விசேஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பந்தி நடக்கும்போது கூடத்தில் படம் இல்லையென்றால் வந்த சொந்தக்காரர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள், படத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். ஐம்பது வருஷமாக இந்தக் கெடுவுக்குள்தான் என் பிழைப்பு ஓடுகிறது. இடையில் போர்டு எழுதினேன், சுவர் எழுதினேன், லேபிள் போட்டேன், சப்பர வாகனங்களுக்கு வர்ணம் தீட்டினேன். ஆனால் ஊருக்கு நான் ‘படக்காரர்’தான்.

1972இல் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டேன். அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினாள். அக்காமார் இருவரும் வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டினார்கள். எங்கள் தெருவில் எந்தத் திண்ணையில் பார்த்தாலும் ஒரு பசைச் சட்டியும் அதைச் சுற்றி நாலு பிள்ளைகளும் இருக்கும். என்னையும் உட்கார வைத்துப் பார்த்தார்கள். நான் ஒட்டுவதை விட்டுவிட்டு லேபிளில் இருக்கும் சேவலையும் மயிலையும் பார்த்துத் தரையில் கரிக்கட்டையால் வரைந்துகொண்டிருப்பேன். “இவன் கூலிக்கு ஆக மாட்டான்” என்று முடிவு செய்துதான் அம்மா என்னை ஒரு ஸ்டுடியோவில் கொண்டுபோய் விட்டாள். அங்கே எனக்கு வாய்த்தவர் அண்ணாச்சி. பெயர் சொல்ல வேண்டாம். அவருக்குப் பெயர் போடுவதே பிடிக்காது, வரைந்த எந்தப் படத்திலும் கையெழுத்து இருக்காது.

அப்போது எங்கள் ஊரில் ஓவியம் என்றால் கொண்டையராஜுதான். 1898இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் இருந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி, 1940களில் கோவில்பட்டிக்கு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுப்பையா, ராமலிங்கம் என்று சீடர்கள்தான் குடும்பம். அவர்கள் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் முருகனும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி நாடெங்கும் வீட்டுச் சுவரேறின. பல படங்களில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். நான் அவரிடம் படித்தவன் இல்லை. 1976இல் அவர் காலமானபோது நான் அண்ணாச்சியிடம் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கையின் சாயல் படாத ஓவியன் அன்றைக்குக் கோவில்பட்டியில் ஒருவனும் கிடையாது. நாங்கள் கண் போடப் பழகியது மனித முகத்தைப் பார்த்து இல்லை, லட்சுமி படத்தைப் பார்த்து. அகலக் கண், சின்ன வாய், லேசாகச் சதை போட்ட கன்னம். அதனால்தான் எங்கள் ஊர் ஆச்சிமார் எல்லாரும் இறந்தபிறகு கொஞ்சம் மகாலட்சுமி ஜாடைக்கு வந்துவிடுவார்கள். இதை யாரும் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. “எங்கம்மா களையா இருக்கா” என்றுதான் சொல்வார்கள்.

நாடகத் திரை எழுதிய கை என்பது கொண்டையராஜு படங்களின் பின்னணியில் தெரியும். தூண், மாடம், மலை, தாமரைக்குளம். ஸ்டுடியோவில் தொங்கிய திரைச்சீலைகளும் அதே வம்சம்தான். கரிசல்காட்டில் வெயிலில் கருத்த சம்சாரி, பின்னால் அன்னம் நீந்தும் குளத்தோடு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போவார். எனக்கு அது ஒருநாளும் வேடிக்கையாகத் தோன்றியதில்லை. காடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு எதற்குக் காசு கொடுத்துப் படம் எடுக்க வேண்டும்?

முதலில் கற்றுக்கொண்டது ரீடச்சிங். நெகட்டிவை வெளிச்சப் பெட்டியில் சாய்த்து வைத்து, மருந்து தடவி, ஊசிபோலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். நெகட்டிவில் கருத்தது பிரிண்டில் வெளுக்கும் என்பதால் எல்லாம் தலைகீழ்க் கணக்கு. அம்மைத் தழும்பு போக வேண்டும், ஆனால் முகம் மைதா மாவாகிவிடக் கூடாது. அண்ணாச்சி ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார்: மூக்குப் பக்கத்திலிருந்து வாய்க்கு இறங்கும் கோட்டைத் தொடாதே. சுருக்கம் எல்லாவற்றையும் எடு, அதை மட்டும் விடு. அந்தக் கோடு போனால் வீட்டு நாய்கூட ஆளை அடையாளம் காணாது என்பார்.

அதைவிடக் கஷ்டம், கண் திறப்பது. வாழ்நாளில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளாத மனிதர்கள் எண்பதுகள் வரை சுற்றுக் கிராமங்களில் ஏராளம். படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற பயம் ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். உயிர் போனபிறகுதான் போட்டோக்காரருக்கு ஆள் அனுப்புவார்கள். நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, நாடிக்கட்டு தெரியாதபடி துண்டு போட்டு எடுப்பார்கள். அந்தப் படம் எங்களிடம் வரும். மூடிய இமைக்குமேல் கண் வரைய வேண்டும். கண்ணை மட்டும் வரைந்தால் போதாது. செத்த முகத்தில் கன்னம் இறங்கியிருக்கும், உதடு பிரிந்திருக்கும். ஆக முகம் முழுவதையும் ஒரு விரக்கடை மேலே தூக்க வேண்டும். கண் யாருடையது? அதற்கு வழி, மக்களில் யார் ஜாடை என்று விசாரித்து அந்தப் பிள்ளையை எதிரே உட்காரவைப்பது. பெரும்பாலும் மூத்த மகள்தான் வருவாள். பிரஷ் பிடித்துக்கொண்டு அவள் கண்ணையே பார்த்திருப்போம். அவள் அழுதுகொண்டிருப்பாள். அழுகிற கண்ணைப் பார்த்துத் தெளிந்த கண் போடப் பழகுவதற்கு எனக்குச் சில வருஷங்கள் ஆயின.

காதில் தொங்கும் பாம்படத்தாலும் ஒரு வம்பு வந்தது. கயத்தாறு பக்கத்திலிருந்து ஒரு குடும்பம். ஆச்சி இறந்துபோயிருந்தார். போட்டோவில் தோளைத் தொடும் காது வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பாம்படத்தை எப்போதோ கழற்றி விற்றாகிவிட்டது. “காது மூளியா இருக்கக் கூடாது அண்ணாச்சி, பாம்படம் போட்டுருங்க” என்றார் மூத்த மகன். போட்டேன். பாம்படம் வரைவது சுகமான வேலை, சதுரமும் உருண்டையுமாக ஒளி விழும் இடங்கள் நிறைய. விசேஷம் நன்றாக நடந்தது. ஒரு வருஷம் கழித்து வந்தது வினை. வெளியூரில் வளர்ந்த பேரன் படத்தைப் பார்த்துவிட்டு, “ஆச்சியோட நகை யார்ட்ட இருக்கு?” என்று கேட்டிருக்கிறான். விற்றது கடைசி மகள் கல்யாணத்துக்கு என்பது சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது. மருமகள்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம். கடைசியில் மூத்தவரே என்னிடம் வந்து, “இது நாங்க சொல்லி நீங்க வரைஞ்சதுன்னு எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லணும்” என்று கூட்டிக்கொண்டு போனார். போய்ச் சொன்னேன். அதற்கப்புறம் நகை போடச் சொல்லி யார் வந்தாலும், வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துதானே கேட்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டு வைப்பேன்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள், படம் அச்சாக இருக்கிறதா என்றுதான் எங்கள் வேலையை எடைபோடுவார்கள். அச்சாக இருப்பது பாதிதான். மீதிப் பாதி, வீட்டுக்குள் நடக்கும் பேச்சுவார்த்தை. நரை எவ்வளவு, வேட்டியா பேண்டா, நெற்றியில் திருநீறா வெறுமையா, வெள்ளைத் துண்டா கட்சிக்கரைத் துண்டா. அப்பா கட்சிக்காரர், மகன்கள் எதிர்க்கட்சி என்றால் துண்டின் கரையைத் தீர்மானிக்க இரண்டு நாள் ஆகும்.

ஜோடிப் படத்தில் இன்னும் சிக்கல். கணவர் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். சேர்ந்து எடுத்த படம் இருக்காது. அவருடைய பழைய படத்தையும், இப்போது ஆச்சியை உட்காரவைத்து எடுத்த படத்தையும் ஒட்டி ஒன்றாக்க வேண்டும். அவர் முப்பத்தைந்து வயதில் நிற்பார், இவர் எழுபதில் இருப்பார். யாரை யார் பக்கம் இழுப்பது? நான் கணவருக்கு நரை வைப்பதில்லை. ஆச்சிக்கு இருபது வயதைக் குறைப்பேன். ஒருமுறை அப்படி வந்த குடும்பத்தில் பொட்டுப் பிரச்சினை. பொட்டு வைக்க வேண்டும் என்றான் மகன். கூடாது, ஊர் என்ன சொல்லும் என்றார் கொழுந்தனார். கடைக்குள்ளேயே சத்தம். ஆச்சி வாசல் படியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர், உள்ளே பார்த்து, “ஏ அய்யா, படத்துல அவுக பக்கத்துல இருக்காகளா இல்லையா?” என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். “பெறகென்ன, வையி” என்றுவிட்டு மறுபடி இடிக்கத் தொடங்கிவிட்டார். நல்ல சிவப்பில் பெரிதாகவே வைத்தேன்.

படம் கொண்டுபோய்க் கொடுத்தால் பந்தியில் உட்காராமல் விட மாட்டார்கள். ஊர் ஊராக நான் சாப்பிட்ட சாப்பாடெல்லாம் இப்படிப் பதினாறாம் நாள் சாப்பாடுதான். ஆனால் எனக்குப் பிடித்தது இலைச் சாப்பாடு இல்லை, படத்துக்கு முன்னால் வைக்கும் படையலைப் பார்ப்பது. இறந்தவர் எதை விரும்பிச் சாப்பிட்டாரோ அது அங்கே இருக்கும். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், கருப்பட்டிக் காப்பி, சாத்தூர்ச் சேவு, சுருட்டு. கடைசிக் காலத்தில் சர்க்கரை வியாதிக்காகப் பிள்ளைகள் கண்ணில் காட்டாமல் வைத்திருந்த மிட்டாய்கூட அன்றைக்கு ஒரு பாக்கெட் முழுசாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். நான் வரைந்த முகத்துக்குக் கீழே அதைப் பார்க்கும்போதுதான் அந்த ஆள் யார் என்று எனக்குக் கொஞ்சம் விளங்கும். முன்பே தெரிந்திருந்தால் வாயை வேறு மாதிரி போட்டிருப்பேனே என்றுகூடத் தோன்றும். பின்னாளில் அதையே கேட்க ஆரம்பித்தேன். என்ன விரும்பிச் சாப்பிடுவார் என்ற கேள்விக்கு வீட்டார் சொல்லும் பதிலில், முகம் எப்படி இருந்தது என்ற கேள்விக்குக் கிடைப்பதைவிடத் தகவல் அதிகம்.

கடலைமிட்டாய் இல்லாமல் எங்கள் ஊரைப் பற்றி எழுத முடியாது. கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலை, வெல்லப்பாகு, ஏலம், சுக்கு, மேலே பச்சையும் சிவப்புமாகத் தேங்காய்த் துருவல். 1940களில் கடைவீதியில் தொடங்கிய தொழில். முதலில் வீட்டிலும் திருவிழாவிலும் கருப்பட்டிப் பாகில் செய்ததுதான், கடைக்கு வந்தபிறகு வெல்லத்துக்கு மாறியது. நான் போர்டு எழுத வந்தபோது மிட்டாயைத் தாளில் மடித்துத்தான் கொடுப்பார்கள். பிறகு பாக்கெட் வந்தது. பாக்கெட்டுக்கு லேபிள் வேண்டும், கடைக்குப் போர்டு வேண்டும். நான்கு கடை தள்ளி நான்கு கடை, எல்லாரும் என்னிடமே வருவார்கள். ஒருவர் ‘அசல்’ என்று போடச் சொல்வார். மறுவாரம் பக்கத்துக் கடைக்காரர் ‘ஒரிஜினல்’ என்பார். மூன்றாமவர் ‘அசல் ஒரிஜினல்’. நான் சிரிக்காமல் நூலில் சாக்பொடி தடவிச் சுவரில் சுண்டிக் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். எழுத்து மஞ்சள், நிழல் சிவப்பு, தரை கருநீலம். தூரத்தில் பஸ்ஸில் போகிறவன் கண்ணில் அடிக்க வேண்டும். 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது எது அசல் என்பதற்கு அரசாங்கக் காகிதம் இருக்கிறது. அது வந்த நேரத்தில் போர்டு எழுதுகிறவனுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது என்பது வேறு கதை.

என் மாமனார் ஒரு மிட்டாய்ப் பட்டறையில் பாகு பார்ப்பவர். விறகடுப்பில் கொதிக்கும் பாகிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவார். அது இறுகியபின் தட்டில் போட்டால் கல் விழுந்த மாதிரி சத்தம் வர வேண்டும். ஒரு நொடி முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், ஒரு நொடி பிந்தினால் கசக்கும். ஐப்பசி மழையில் காற்று ஈரமாக இருக்கும் நாட்களில் பதத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி எடுப்பார். எவ்வளவு தள்ளி என்று கேட்டால், “பாகு சொல்லும் மாப்ளே” என்பார். அவர் என் வேலையைப் பெரிதாக நினைத்ததில்லை. உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலைக்கு இவ்வளவு கூலியா என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். அவர் போனபிறகு படம் வரைவது என் பொறுப்பாயிற்று. வழக்கம்போல மார்பளவுதான் பென்சிலால் போட்டு வைத்திருந்தேன். மனைவி வந்து பார்த்தாள். “கையைக் காணலையே” என்றாள். ஆள் படத்தில் கை வராது என்றேன். அவள் கேட்கவில்லை. பாகு தெறித்துத் தெறித்து அவர் முன்னங்கைகளில் தோல் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கும். மைத்துனன்களுக்கு அதைக் காட்ட இஷ்டமில்லை. அவர் உயிரோடு இருந்தபோதும் விசேஷ வீட்டுக்கு முழுக்கைச் சட்டைதான் போட்டுக்கொண்டு போவார் என்றார்கள். அது உண்மைதான். இருந்தாலும் எங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் அரைக்கைச் சட்டை, மடியில் இரண்டு கைகள், திட்டுக்கள் அத்தனையும் இருக்கின்றன. மைத்துனன்கள் வீட்டுக்கு மார்பளவுப் படம் தனியாக வரைந்து கொடுத்தேன். ஒரே மனிதருக்கு இரண்டு படம். இரண்டும் அவர்தான்.

காலண்டர் வேலை பற்றியும் கொஞ்சம். அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்களைச் சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று வெளியிடுவார்கள். அதனால் சித்திரை வெயிலில் உட்கார்ந்து மார்கழியில் சுவரேறப்போகும் சாமியை வரைவோம். நான் வரைந்தவை சில்லறைப் படங்கள், பெயர் பெற்றவை இல்லை. கூலி ஒருமுறைதான், எத்தனை ஆயிரம் அடித்தாலும் நமக்கு அதில் பங்கு கிடையாது. தீப்பெட்டி லேபிள் இன்னும் மோசம். “அந்தக் கம்பெனிக் கோழி மாதிரியே வேணும், ஆனா அந்தக் கோழியா இருக்கப்படாது” என்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர் படத்தைக் காட்டித்தானே வாங்குவார். நான் கோழிக்குக் குஞ்சு சேர்ப்பேன், வாலைத் திருப்புவேன். 2007இல் ஒரு ரூபாய்க்கு வந்த தீப்பெட்டி 2021 டிசம்பர் வரை அதே ஒரு ரூபாயில் நின்றது. அதில் மரக்குச்சி, மெழுகு, மருந்து, கூலி எல்லாம் போக லேபிள் வரைகிறவனுக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிளெக்ஸ் வந்தபோது நாங்கள் யாரும் பயப்படவில்லை. வெயிலில் ஆறு மாதம் தாங்காது, எனாமல் எட்டு வருஷம் நிற்கும் என்று பேசிக்கொண்டோம். கணக்கு சரிதான். ஆனால் கடைக்காரருக்கு எட்டு வருஷம் நிற்கும் போர்டு தேவைப்படவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் போர்டு மாட்டுவதுதான் அவருக்கு வசதி. இரண்டு வருஷத்துக்குள் என்னோடு சுவர் எழுதிய பையன்களில் ஒருவன் திருப்பூர் போனான், ஒருவன் பரோட்டாக் கடை வைத்தான். பரோட்டாக் கடைக்காரன்தான் எங்கள் கூட்டத்தில் நன்றாக இருப்பவன். அவன் கடைப் போர்டும் ஃபிளெக்ஸ்தான்.

ஆள் படம் மட்டும் தப்பியது, அதுவும் வேறு உருவத்தில். என் மகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து கடையில் பாதியைத் தன் மேசையாக்கிக்கொண்டாள். நான் மூன்று நாள் இழுக்கும் ஜோடிப் படத்தை அவள் முன்னேர வேலையாக முடித்துவிடுகிறாள். நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கழுத்து சேரவில்லை, வெளிச்சம் அப்பாவுக்கு இடப்பக்கமும் அம்மாவுக்கு வலப்பக்கமும் விழுகிறது என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். சில சமயம் கேட்பாள். இப்போது செல்போனே கண்ணைத் திறந்துவிடுகிறது. போன மாதம் ஒருவர் அப்படித் தானே செய்துகொண்டு வந்து, பிரிண்ட் மட்டும் போதும் என்றார். படத்தில் அவருடைய ஆச்சி வாய் நிறைய வெள்ளைப் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எழுபது வருஷம் வெற்றிலை போட்ட பல். மகள் என்னைப் பார்த்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “காவி கொஞ்சம் ஏத்த முடியுமா அண்ணாச்சி?” என்றார்.

தூரிகை வேலை அறவே இல்லாமலும் போகவில்லை. கடைவீதியில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர், அப்பாவின் ஃபிளெக்ஸ் படம் மூன்றாவது முறையாக வெளுத்துவிட்டதென்று துணியில் எண்ணெய் வர்ணத்தில் வரைந்து தரச் சொல்லியிருக்கிறார். கல்லாவுக்கு மேலே மாட்ட வேண்டுமாம். அப்பா தோளில் எப்போதும் ஒரு ஈரிழைத் துண்டு கிடக்கும், அது இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. புதுக் கடைக்கு அந்தத் துண்டு எடுப்பாக இருக்காது, கோட்டு போட்டுவிடுங்கள் என்கிறார் மகன். துண்டு போனால் தோளே அவருடையதாக இருக்காது என்கிறேன் நான். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. முகத்தை முடித்து வைத்திருக்கிறேன். கடைக்காரருடைய அம்மாவை ஒருநாள் கடைக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.